ஆகஸ்டில் எழுதும் எண்: நெப்ராஸ்கா ரசிகருக்குச் சில விதிகள்

நான் லிங்கன் நகரத்தில் வந்து இறங்கியது 2001 ஆகஸ்டில். கையில் இரண்டு பெட்டிகள், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்த கடிதம். கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டு ஏன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கேட்டு அறைத்தோழர்களைச் சிரிக்க வைத்தவன் நான். அந்த அக்டோபரில் ஓக்லஹாமாவுடன் ஆட்டம். மாணவர் டிக்கெட்டில் போய் நின்றேன். எரிக் க்ரௌச் என்ற குவார்ட்டர்பேக், பந்தை எறிவதே வேலையாக உள்ளவர், அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எதுவும் தெரியாதவர் போல ஓரமாக நழுவினார். பந்து இரண்டு கை மாறியது. திரும்பிப் பார்த்தால் அது க்ரௌச்சை நோக்கியே பறந்து வருகிறது. பிடித்தார், ஓடினார், 63 யார்டு, டச்டவுன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது க்ரௌச்சுக்கு. அணி தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை போய் மயாமியிடம் 37-14 என்று தோற்றது. அதற்குப் பிறகு நெப்ராஸ்கா அந்த மேடையில் ஏறவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அறுபதுகளில் மைதானத்துக்குப் போகத் தொடங்கியவர். எல்லாம் நீ வந்த பிறகுதான் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். புது மருமகள் கால் வைத்த நேரம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அது மக்காச்சோளக் காட்டிலும் உண்டு.

இதோ 2026 பருவம் வருகிறது. கடைசி இரண்டு ஆண்டும் 7 வெற்றி, 6 தோல்வி. இருபத்தைந்து ஆண்டு அடிபட்டவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பட்டியலை எழுதுகிறேன்.

செய்யக்கூடாதவை

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோப்பைகளை வைத்து இந்த அணியை அளக்காதீர்கள்.

கோப்பைகள் உண்மைதான். கோச் பாப் டெவானி 1970, 1971 என இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அவருக்குப் பின் வந்த டாம் ஆஸ்பர்ன் 25 பருவங்களில் 255 ஆட்டங்களை வென்றார்; 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள். கடைசியை மிச்சிகனோடு பங்கிட்டுக்கொண்டு அதோடு ஓய்வு பெற்றார். 1969 முதல் 2001 வரை, தொடர்ந்து 33 பருவங்கள், 9 வெற்றிக்குக் கீழே இறங்கியதே கிடையாது. மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். தொழில்முறைக் கால்பந்து அணி இல்லை, கூடைப்பந்து அணி இல்லை, பேஸ்பால் பெரிய லீக் அணி இல்லை. ஒரு மாநிலம் முழுக்க ஒரே கோயிலுக்கு நேர்ந்துகொண்டது மாதிரி.

இந்தப் பெருமைதான் பின்னால் நோயானது. 2003இல் கோச் ஃபிராங்க் சோலிச் வழக்கமான பருவத்தை 9-3 என்று முடித்தார். போதாது என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். அணி நடுத்தரத்துக்குச் சரிவதை அனுமதிக்க மாட்டேன் என்ற பொருளில் அன்றைய விளையாட்டு இயக்குநர் பேசினார். சில ஆண்டு கழித்து வந்த போ பெலினி ஏழு ஆண்டும் 9 அல்லது 10 வெற்றி எடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் மூன்று நான்கு தோல்வி என்று அவரையும் 2014 முடிவில் அனுப்பினார்கள். அதன்பின் 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்கள் தொடர்ச்சியாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். நடுத்தரத்துக்கு அஞ்சி ஓடியவர்கள் நடுத்தரத்தைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. இன்றைக்கு யாராவது வருடத்துக்கு 9 வெற்றி உறுதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நான் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பேன்.

இப்போது ஆடும் பையன்கள் 1997இல் பிறக்கவே இல்லை. அவர்களிடம் போய் அந்தக் கடனைக் கேட்பது தாத்தா விற்ற நிலத்துக்குப் பேரனிடம் பட்டா கேட்பது போலத்தான்.

ஏப்ரலை நம்பாதீர்கள்.

2018 ஏப்ரலில், வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு 86,818 பேர் வந்தார்கள். எதிரணி கிடையாது, நம் பையன்கள் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுவது. அதற்குத்தான் அத்தனை கூட்டம். காரணம் புதிய கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட். 1997 பட்டத்தின் குவார்ட்டர்பேக், மண்ணின் மைந்தர், அதற்கு முந்தைய பருவத்தில் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியைத் தோல்வியே இல்லாமல் 13-0 நடத்திவிட்டுத் தாய்வீடு திரும்பியவர். ரட்சகர் வந்துவிட்டார் என்று நானும் நம்பினேன். செப்டம்பரில் முதல் ஆட்டம், அக்ரனுடன். பந்தை உதைத்துத் தொடங்கினார்கள், மின்னல் வெட்டியது, மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். சகுனம் பார்க்காதவன்கூட அன்று பார்த்திருப்பான். அதற்குப் பிறகு தொடர்ந்து ஆறு தோல்வி. பருவம் 4-8. ஃப்ராஸ்டின் மொத்தக் கணக்கு 16-31.

2025இல் இப்போதைய கோச் மேட் ரூல் அந்த வழக்கமான பயிற்சி ஆட்டத்தையே எடுத்துவிட்டார். நன்றாக ஆடுகிற பையனை மற்ற கல்லூரிகள் பார்த்து வைத்துக்கொண்டு கொத்திக்கொண்டு போகின்றன என்றார். பலருக்கு வருத்தம். எனக்கு ஒருவித நிம்மதி. ஏப்ரல் நம்பிக்கை என்பது பிஞ்சிலேயே பறித்த மாங்காய்; உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்னலாம், பழுக்க வைக்க முடியாது.

பெயர் பொறித்த ஜெர்சி வாங்காதீர்கள்.

என் அலமாரியில் ஒரு 15ஆம் எண் ஜெர்சி தொங்குகிறது. டிலன் ரையோலாவின் எண். அப்பா டாமினிக் ரையோலா இங்கே ஆடியவர், பிறகு டெட்ராய்ட் லயன்ஸில் நீண்ட காலம். மகன் நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்து, ஜார்ஜியாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்ததை 2023 டிசம்பரில் மாற்றி நம்மிடம் வந்தபோது லிங்கனில் ஒரு கல்யாணக் களை. இரண்டு பருவம் ஆடினார். 2025 நவம்பர் 1ஆம் தேதி தென் கலிஃபோர்னியா அணியுடனான ஆட்டத்தில் காலெலும்பு முறிந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே ஒரெகானுக்குப் போய்விட்டார்.

கோபப்பட்டுப் பயனில்லை. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பங்கு தரலாம். ஜனவரியில் கல்லூரி மாறும் கதவு திறந்தால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பல தலைமுறை இந்தப் பையன்கள் ஊதியமில்லாமல் ஆட, அரங்கமும் கோச்சும் தொலைக்காட்சியும் மட்டும் கொழுத்த காலத்தை நினைத்தால் இந்த மாற்றம் நியாயம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஜெர்சி வாங்கியவனின் துக்கம் வேறு.

வாங்கித்தான் தீருவேன் என்றால் பெயரில்லாமல் வாங்குங்கள். 15ஆம் எண்ணில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1994, 1995 பட்டங்களின் குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேசியரும் அதே எண்தான். ஃபுளோரிடாவை 62-24 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஆள் ஆளாக உதறிக்கொண்டு 75 யார்டு ஓடினாரே, அவர். முதுகில் இருக்கும் பெயருக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் நான் ஃப்ரேசியர் ரசிகன்.

மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று ஜோசியம் பார்க்காதீர்கள்.

ரூல் வந்தபோது எல்லோரும் மனப்பாடமாகச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முதல் ஆண்டு 2 வெற்றி, அடுத்து 6, மூன்றாம் ஆண்டு 10. பெய்லரில் 1, 7, 11. ஆகவே நெப்ராஸ்காவில் மூன்றாம் ஆண்டான 2025இல் குரு உச்சம் பெறுவார் என்று முடிதிருத்தும் கடையில்கூடப் பேச்சு. வந்தது 5, 7, 7. அதிலும் 2025இன் இரண்டாம் பாதியை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் ரூலின் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டினார்கள்; அவர் படித்த பென் ஸ்டேட்டில் கோச் பதவி காலியாகியிருந்தது, கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். இரண்டு நாள் கழித்துத் தென் கலிஃபோர்னியாவிடம் 21-17 தோல்வி, ரையோலாவுக்குக் கால் முறிவு. முதலாண்டு மாணவர் டிஜே லத்தீஃப் பொறுப்பேற்று யுசிஎல்ஏ அணியை வென்றார், ஒரு வாரம் மூச்சு வந்தது. பிறகு பென் ஸ்டேட்டிடம் 37-10. அயோவாவிடம் 40-16. லாஸ் வேகஸில் யூட்டாவிடம் 44-22.

ரூல் மோசமான கோச் என்று நான் நினைக்கவில்லை. பருவ முடிவில் தேறிய அணிகளுக்குக் கிடைக்கும், நாங்கள் ஏழு ஆண்டு எட்டிப் பார்க்காத பவுல் ஆட்டத்துக்கு 2024இல் கூட்டிப்போனவர் அவர்; யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 வென்றார். பள்ளத்திலிருந்து சமதரைக்கு அணியைத் தூக்கிவிட்டார். சமதரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் வித்தை தெரியுமா என்பதுதான் இந்த ஆண்டின் கேள்வி. அதற்கு விடை ஜாதகத்தில் இல்லை.

இந்தியானாவால் முடிந்ததே என்று சொல்லாதீர்கள். குறைந்தபட்சம் சாப்பிடும்போது சொல்லாதீர்கள்.

இந்த வாதம் எல்லார் வாயிலும் இருக்கிறது. தோல்விக்கென்றே பிறந்ததாக எல்லோரும் கேலி செய்த இந்தியானா, கோச் கர்ட் சிக்னெட்டி வந்த இரண்டாவது பருவத்திலேயே 16-0 என்று ஆடி, 2026 ஜனவரியில் மயாமியை வென்று தேசியப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. எங்களோடு ஒரே லீக், பிக் டென். 2024இல் எங்களை 56-7 என்று அடித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழைய பெருமையோ பெரிய அரங்கமோ எதுவும் இல்லாமல் முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அதுதான் உறுத்துகிறது. முன்பு எங்களிடம் ஒரு சாக்கு இருந்தது: காலம் மாறிவிட்டது, டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும்தான் ஆட்டக்காரர்கள் பிறக்கிறார்கள், சோளக்காட்டுக்கு யார் வருவார்கள். அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த வீட்டுப் பையன் மருத்துவம் சேர்ந்தால் நம் வீட்டில் சோறு இறங்காதே, அந்த நிலைமை.

சிவப்புப் பலூனைத் தேடாதீர்கள். முதல் புள்ளி விழுந்ததும் ஆயிரக்கணக்கில் வானத்தில் விடுவார்கள். ஹீலியம் தட்டுப்பாடு என்று 2022இல் நிறுத்தினார்கள். என் மகள் இன்னும் அண்ணாந்துதான் பார்க்கிறாள்.

பதினொரு புள்ளி முன்னிலையில் காலை நீட்டிச் சாயாதீர்கள்.

டப்ளின், 2022 ஆகஸ்ட் 27. நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முன்னிலை. இங்கே மதிய நேரம். நான் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஃப்ராஸ்டுக்கு என்ன தோன்றியதோ, பந்தை எதிரணிப் பக்கம் நீளமாக உதைக்காமல் குட்டையாக உதைத்துத் தானே கைப்பற்றும் சூது ஆட்டத்தை ஆடச் சொன்னார். பின்தங்கி நிற்கிறவன் வேறு வழியில்லாமல் செய்கிற காரியம் அது. பந்து அவர்கள் கைக்குப் போயிற்று, ஆட்டமும் பின்னாலேயே போயிற்று. 31-28. இரண்டு வாரம் கழித்து, ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் 45-42 என்று தோற்ற மறுநாள், ஃப்ராஸ்டை அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய 2021 இன்னும் விசித்திரம்: ஒன்பது தோல்வி, ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். இப்படித் தோற்பதற்குத் தனித்திறமை வேண்டும்.

செய்ய வேண்டியவை

பந்தைப் பார்க்காதீர்கள், முன்வரிசையைப் பாருங்கள்.

குவார்ட்டர்பேக் யார் என்பதுதான் கோடை முழுக்கப் பேச்சு. நானும் பேசுகிறேன். ஆனால் ஆட்டம் முடிவாவது அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்களிடம். பெயர் யாருக்கும் தெரியாது, ஜெர்சி விற்காது, ஆளுக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் கிட்ட. எதிரணியின் முன்வரிசை பாய்ந்து வரும்போது அவர்கள் மூன்று விநாடி தாங்கினால் குவார்ட்டர்பேக் மேதை. இரண்டு விநாடி என்றால் புல்தரையில் கிடப்பார். 2025 அக்டோபரில் மினசோட்டாவில் 24-6 என்று தோற்ற இரவு ரையோலாவை ஒன்பது தடவை தரையில் சாய்த்தார்கள். அவ்வளவு தடவை விழுந்து எழுந்தால் பத்மாசனத்தில் இருக்கிற முனிவரும் பந்தைத் தப்பாகத்தான் எறிவார்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. எங்கள் தடுப்பு அணிக்குப் பிளாக்‌ஷர்ட்ஸ் என்று பெயர். அறுபதுகளில் டெவானி காலத்தில் பயிற்சியின்போது கறுப்புச் சட்டை கொடுத்ததில் வந்தது. இன்றும் அந்தச் சட்டை கிடைப்பது பையன்களுக்கு விருது மாதிரி. ஆனால் போன ஆண்டு கறுப்புச் சட்டையின் நடுவில் பெரிய ஓட்டை. மிச்சிகன் இங்கே வந்து 30-27 என்று வென்றபோது நேராக, நடுவால், பந்தை இடுக்கிக்கொண்டு ஓடியே ஜெயித்தார்கள்.

அதோடு, போன ஆண்டு பந்தைச் சுமந்த எமெட் ஜான்சன் இனி இல்லை. 1,400 யார்டுக்கு மேல் ஓடி, பிக் டென்னின் சிறந்த ஓட்டக்காரர் விருதும் வாங்கிக்கொண்டு தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். பல ஆட்டங்களில் அணி என்று நாம் சொன்னது அவரைத்தான். அவர் இடத்தில் வருபவர் நன்றாக ஓடினால் பாராட்ட வேண்டியது முன்வரிசையை.

ஆகவே செப்டம்பர் முதல் இரண்டு ஆட்டத்தில், எதிரணி எவ்வளவு சோப்ளாங்கியாக இருந்தாலும், இது ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாம் முயற்சியில் இரண்டு யார்டு வேண்டும் என்னும்போது, எல்லோருக்கும் தெரிந்த ஓட்டத்தை ஆடி அந்த இரண்டு யார்டை எடுக்கிறார்களா? எடுத்தால் என் அக்டோபர் நன்றாக இருக்கும். அதற்குப் பதில் வித்தை காட்டினால், முறுக்கு மாவு இன்னும் பதமாகவில்லை என்று அர்த்தம்.

தோற்றாலும் எதிரணிக்குக் கைதட்டுங்கள்.

மெமோரியல் ஸ்டேடியத்தில் இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆட்டம் முடிந்து விருந்தினர் அணி தங்கள் அறைக்குப் போகும்போது, அந்த மூலையில் இருக்கிற சிவப்புச் சட்டைக் கிழவர்களும் கிழவிகளும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். 2001இல் இதை முதல் முறை பார்த்தபோது கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் தட்டினார்கள். சென்னையில் 1999இல் பாகிஸ்தான் டெஸ்டை வென்றபோது சேப்பாக்கம் எழுந்து நின்றதை நினைத்துக்கொண்டேன். பெரியவரிடம் சொன்னேன், அப்படியானால் உங்கள் ஊரிலும் ஒழுங்காகத்தான் வளர்க்கிறார்கள் என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

அயோவாக்காரர்களுக்கும் தட்ட வேண்டுமா என்று கேட்காதீர்கள். தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டலாம்.

டிக்கெட் கிடைத்தால் போங்கள்.

1962 நவம்பரிலிருந்து இந்த மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மீந்ததில்லை. எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது. ஆட்ட நாளில் 85,000 பேர் உள்ளே இருக்கும்போது, ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த மைதானம்தான் என்பார்கள். மோசமான ஆண்டுகளில் மீந்த டிக்கெட்டை நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கணக்கைக் காப்பாற்றியதும் நடந்தது. இது ஏமாற்று என்கிறவர்கள் உண்டு. முதல் தடவை மைதானத்தைப் பார்க்கிற ஒரு பத்து வயதுக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏமாற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் வந்து உட்காருங்கள். சுரங்கவழியிலிருந்து அணி நடந்து வரும் காட்சி 1994இல் தொடங்கியது. ‘சிரியஸ்’ என்ற இசை ஒலிக்க, வீரர்கள் மேலே பதித்திருக்கும் குதிரை லாடத்தைத் தொட்டுவிட்டு வருவார்கள். 4-8 ஆண்டிலும் மயிர்க்கூச்செறியும்.

ரன்சா தின்னுங்கள். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வெங்காயமும் வைத்துச் சுட்ட நீள ரொட்டி. இறைச்சி வேண்டாதவர்கள் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய், நுழைவாயிலில் திருப்பி அனுப்பப்பட்டு, கார் நிறுத்துமிடத்திலேயே தின்று தீர்க்க வேண்டும், அனுபவம். அக்டோபர் குளிரில் யாராவது காரமான சில்லிக் குழம்போடு இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலைக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே சாப்பிடுவார்கள். பள்ளி மதிய உணவிலேயே பழகிய நாக்கு. நாம் பொங்கலுக்குச் சாம்பாரா சர்க்கரையா என்று அடித்துக்கொள்ளும் வழக்கை இவர்கள் ஒரே தட்டில் முடித்துவிட்டார்கள்.

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவை வையுங்கள்.

ஆட்டப் பருவமும் சோள அறுவடையும் ஒன்றாக வரும். செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமை மாநில நெடுஞ்சாலையில் போனால், காட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு அறுவடை இயந்திரத்துக்குள்ளும் அதே வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் அந்தக் குரலாக இருந்த கிரெக் ஷார்ப் 2025 பிப்ரவரியில் புற்றுநோயால் மறைந்தார். தோற்கிற அணியை வாரா வாரம் வர்ணிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொய்யும் சொல்லக்கூடாது, கேட்கிறவனை வண்டியை நிறுத்தி அழவும் விடக்கூடாது. அவருக்கு அது கைவந்திருந்தது.

பெண்கள் வாலிபாலையும் பாருங்கள். ஆண்கள் தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் எங்களைத் தலைநிமிர வைத்தவர்கள் இவர்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே கால்பந்து மைதானத்தில் வலை கட்டி ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். அன்றைக்கு அந்த மைதானத்தில் யாருக்கும் நெஞ்சு படபடக்கவில்லை. ஜெயிக்கும் என்று தெரிந்த அணியைப் பார்ப்பது எவ்வளவு சுகம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

அயோவா வெள்ளிக்கிழமைக்கு உடம்பைத் தயார் செய்யுங்கள்.

நன்றிநாளுக்கு மறுநாள், நவம்பர் கடைசியில் வழக்கமாக வரும் ஆட்டம். பக்கத்து மாநிலம், நடுவில் மிசோரி ஆறு, அலுவலகத்தில் அடுத்த நாற்காலிக்காரர் அயோவா. 2023இல் 10-10. கடைசி நொடியில் அயோவா ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தது, 13-10. 2024இல் மறுபடியும் 10-10. கடைசி நொடி, 53 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல், மறுபடியும் 13-10. ஒரே சீரியலை இரண்டு தடவை போட்டார்கள். 2025இல் கடைசி நொடி வரை காத்திருக்க வைக்கவில்லை என்பது மட்டும் அவர்கள் காட்டிய கருணை.

இந்த ஆட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே ஆயுதம் நாற்காலி. 2022இல் 24-17 என்று வென்றபோது சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு எண்ணை எழுதி மடித்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. பருவம் தொடங்கும் வாரத்தில் ஆளுக்கொரு சீட்டு. பவுல் ஆட்டத்தையும் சேர்த்து எத்தனை வெற்றி என்று எழுதி, கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் காலி டப்பாவில் போட்டுவிட வேண்டும். பருவம் முடிந்து பிரிப்போம். நம்பிக்கைக்குத் தேதி போட்டு வைத்தால்தான் பிறகு, நான் அப்போதே சொன்னேன் என்று புளுக முடியாது. என் கணக்கு: 2018இல் 8 எழுதினேன், வந்தது 4. 2021இல் 7, வந்தது 3. போன ஆண்டு குரு உச்சத்தை நம்பி 10. பக்கத்து வீட்டுப் பெரியவர் வருடாவருடம் தோட்ட வேலியில் கையை ஊன்றிக்கொண்டு ஒரே எண்ணைத்தான் எழுதுவார், 13. தோற்ற ஆண்டுகளில் சீட்டைப் பிரிக்கும்போதும் அவர் முகத்தில் வெட்கம் கிடையாது.

டச்டவுனுக்கு எத்தனை புள்ளி என்று இன்றுவரை என் மனைவிக்குத் தெரியாது. 2024இல் அவள் சீட்டில் 7. 2025 சீட்டிலும் 7. இரண்டும் அப்படியே பலித்தன. எப்படி என்று கேட்டேன். “ஏங்க, ஆகஸ்ட்ல நீங்க சொல்றதுல மூணைக் கழிச்சிடுவேன், அவ்வளவுதான்” என்றாள்.

இந்த ஆண்டு நான் 8 எழுதியிருக்கிறேன். 2016 செப்டம்பரில் ஒரெகானை வென்ற பிறகு தரவரிசையில் இருந்த ஒரு அணியையும் நாங்கள் வென்றதில்லை. அந்தக் கட்டு இந்த ஆண்டு அவிழும் என்று என் வலது கண் துடிக்கிறது. ஜான்சன் இல்லை, முன்வரிசை எப்படி என்று தெரியவில்லை, ஆகவே 9 என்று எழுதப் பேனா வரவில்லை. பெரியவர் 13. என் மனைவி இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்காமல் தானே எழுதி, நான்காக மடித்து டப்பாவில் போட்டுவிட்டாள். நேற்றிரவு கடுகு எடுக்கிற சாக்கில் டப்பாவைத் திறந்தேன். சீட்டு மேலேயே கிடந்தது. பிரிக்காமல் மூடி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.